கடவுளுக்கு முழுப் பேர் விழுந்த கதை – தெரியுமா?

கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினால் 292 கிலோமீட்டர் மலை ஏறி, மலை இறங்கி, கடைசியாக வந்து நிற்கும் இடம் பதுளை. 1924இல் இங்கே ரயில் வந்தது. அதற்கு அப்பால் தண்டவாளம் கிடையாது. அந்தக் கடைசி ஸ்டேஷனில் ஒரு சாயங்காலம் கிழவர் ஒருவர் இறங்குகிறார். உங்களிடம் வந்து, “தம்பி, பசறைக்கு எப்படிப் போறது?” என்று கேட்கிறார். வழி சொல்கிறீர்கள். “நான்தான் கடவுள்” என்கிறார். என்ன செய்வீர்கள்? காலில் விழுவீர்களா? பஸ் காசு கேட்கப் போகிறார் என்று நழுவுவீர்களா?

இதே சங்கடத்தில் மாட்டிக்கொண்ட மனிதர் ஒருவர் தமிழ்ச் சிறுகதையில் இருக்கிறார். கதை நடப்பது சென்னையில். ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் சாமிகளை ஊவா மாகாணத்தில் நின்றுகொண்டு தேடினால் ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன! நம்ப முடியவில்லையா? வாருங்கள்.

கடவுள் வழி கேட்ட சந்தி எது தெரியுமா?

சென்னை பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற சந்தி. டிராமில் போய் மிச்சக் காசில் வெற்றிலை போடுவதா, பஸ்ஸில் போய்க் காப்பி குடிப்பதா என்று கந்தசாமிப் பிள்ளை கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் திடீரென்று ஒருவர் தோன்றித் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். அவர்தான் கடவுள்! ஊரைப் பார்க்க வந்தவர், பிள்ளை வீட்டிலேயே விருந்தாளியாகத் தங்கிவிடுகிறார். பிள்ளை போடும் நிபந்தனைதான் உச்சம்: வரம் கொடுக்கிறேன் என்ற பேச்சே எடுக்கக் கூடாது! ஒரு தெய்வம் வரம் கொடுத்துவிட்டுப் போனால், இன்னொரு தெய்வம் வந்து தலையைக் கேட்கும் என்பது அவருடைய பயம்.

இதுதான் புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. 1943இல் ‘கலைமகள்’ பத்திரிகையில் வந்தது. அப்போது அதன் ஆசிரியர் யார் தெரியுமா? கி. வா. ஜகந்நாதன்! உ. வே. சாமிநாதையரின் மாணவர், ஊறிய முருக பக்தர். கடவுளை ஓட்டலில் உட்கார்த்தி வைத்துக் கேலி பேசும் கதையை ஒரு பக்தர் அச்சிட்டிருக்கிறார். அவர் அதைக் கேலியாக வாசித்தாரா, பக்தியாக வாசித்தாரா? கதையின் முதல் முடிச்சு அங்கேயே விழுந்துவிடுகிறது.

எழுதியவர் பெயரிலேயே சாமி இருப்பது தெரியுமா?

புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். விருத்தாசலம் என்றால் பழைய மலை. பழைய மலையைப் பெயராகக் கொண்டவர் புனைபெயரில் ‘புதுமை’யை வைத்தார்! ‘பித்தன்’ யார்? சுந்தரர் தம் முதல் தேவாரத்தில் சிவனை அழைத்த பெயர் அது.

இன்னும் கேளுங்கள். முன்பு திருமுதுகுன்றம் என்று பெயர் கொண்டிருந்த விருத்தாசலத்தில்தான், சிவன் கொடுத்த பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது தலபுராணம். கடவுளும் பக்தனும் பண விவகாரம் வைத்துக்கொண்ட ஊர்! இந்தக் கணக்கு விவகாரத்தை மறந்துவிடாதீர்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

இவர் பிறந்தது 1906இல், திருப்பாதிரிப்புலியூரில். கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறியதாகச் சொல்லும் ஊர். இறந்தது 1948இல், காச நோயால், 42 வயதில். சிறுகதை எழுதக் கிடைத்தது 15 வருடங்கள்தான்!

ஒரு வீட்டில் எத்தனை சாமி தெரியுமா?

பிள்ளையின் பெயர் கந்தசாமி, அதாவது முருகன். மனைவி பெயர் காந்திமதி, திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலில் குடியிருக்கும் அம்பாள். நாலு வயது மகள் பெயர் வள்ளி, முருகனின் மனைவி! விருந்தாளியாக வந்திருப்பவர் சிவன். ஒண்டுக்குடித்தன வீட்டுக்குள் ஒரு கோயிலே குடும்பம் நடத்துகிறது! ஆனால் உறவு முறைகள் தாறுமாறாகிக் கிடக்கின்றன. காந்திமதி அங்கே கந்தனுக்கு மனைவி, வள்ளி அவனுக்கு மகள். கந்தனுக்கு அப்பனாக இருக்க வேண்டியவர் விருந்துக்கு வந்திருக்கிறார், சின்னவளோ அவரைத் தாத்தா என்று கூப்பிடுகிறாள்.

சுவாமிமலைக் கதை ஞாபகம் வருகிறதா? பிரணவத்தின் பொருளை அப்பன் சிவனுக்கே மகன் முருகன் சொல்லிக்கொடுத்தான். இங்கே கந்தசாமிதான் பரமசிவனுக்கு உலகத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்! ஆசிரியர் வேண்டுமென்றே வைத்த குறியா, திருநெல்வேலிச் சைவ வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் பெயர்களா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

அமெரிக்காவில் நத்தானியல் ஹாதோர்ன் 1835இல் எழுதிய ‘யங் குட்மன் பிரவுன்’ என்ற கதையிலும் இப்படி ஒரு வேலை நடக்கிறது. அதில் நாயகனுடைய மனைவியின் பெயரே ‘விசுவாசம்’! அவளை வீட்டில் விட்டுவிட்டு இரவில் காட்டுக்குள் போகிறான். அங்கே அவன் கண்டது கனவா, நிஜமா என்பதை ஆசிரியர் கடைசி வரை சொல்லவே இல்லை. அவன் சாகும்வரை யாரையும் நம்பாமல் வாழ்கிறான். நம் பிள்ளையோ எதையும் நம்பாமல் ஆரம்பித்து, கடவுளுக்கே காப்பி வாங்கிக் கொடுக்கிறார்.

அந்த வள்ளியின் கோயில் ஊவாவில் இருப்பது தெரியுமா?

ஊவா என்றால் பதுளை, மொனராகலை என்று இரண்டு மாவட்டம். மொனராகலையில் இருக்கிறது கதிர்காமம்! வேடர் குலத்துப் பெண்ணாக வளர்ந்த வள்ளியைக் கந்தன் கண்டு மணந்தது இந்தக் காட்டில்தான் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. வேடர்களோ அவளைத் தங்கள் வீட்டுப் பெண் என்று இன்றைக்கும் உரிமை கொண்டாடுகிறார்கள்.

முருகன் அவளிடம் எந்த வேடத்தில் போனான்? கிழவன் வேடத்தில்! கிழவனாகப் போய்த் தேன் கேட்டான், தினைமாக் கேட்டான், தண்ணீர் கேட்டான். புதுமைப்பித்தன் கதையிலும் வயது கணிக்க முடியாத ஒரு கிழவர் வள்ளி இருக்கும் வீட்டுக்கு வருகிறார். அங்கே காதலுக்காக வந்த கிழவேடம், இங்கே பேத்தியோடு விளையாட வந்திருக்கிறது.

ஆடித் திருவிழாவில் கதிர்காமத்துப் பெரஹெர ஊர்வலம் எங்கே போகிறது தெரியுமா? மகா தேவாலயத்தில் புறப்பட்டு, இரவுக்கு இரவு, வள்ளி அம்மன் கோயிலுக்கு! அத்தனை தீப்பந்தமும் அத்தனை யானையும் காவடியும் ஒரு வேடப் பெண்ணின் வாசல்வரைதான்.

திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது தெரியுமா?

தெரியாது. யாருக்கும் தெரியாது! கதிர்காம மூலஸ்தானத்தில் கும்பிட விக்கிரகம் கிடையாது. தொங்குவது திரைச்சீலை. அதில் வேலோடும் மயிலோடும் தேவியரோடும் முருகன் உருவம் தீட்டியிருக்கிறது. கும்பிடுகிறவன் கும்பிடுவது அந்தத் திரையைத்தான். பூசை செய்யும் கப்புறாளை வாயைத் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே போகிறார், வருகிறார். ஒரு சொல் இல்லை. திருவிழாவில் யானை மேல் ஏறுவதும் மூடிய பேழைதான். அதற்குள் இருப்பது யந்திரம் என்கிறார்கள். திறந்து காட்டுவதில்லை.

அந்தத் திரைக்கு முன்னால் யார் யார் நிற்கிறார்கள் பாருங்கள். தமிழருக்கு அவர் கந்தன். சிங்களவருக்குக் கதரகம தெய்யோ. அதே வளாகத்துப் பள்ளிவாசலில் முஸ்லிம்கள் திருவிழாவுக்குக் கொடியேற்றுகிறார்கள். பின்னால் நடந்துபோனால் கிரி வெஹெர தாதுகோபம். வேடருக்கோ அவர் வீட்டு மாப்பிள்ளை. திரையை விலக்கி ஒரு சிலையைக் காட்டியிருந்தால், அது ஏதாவது ஒரு முகத்தோடுதான் இருந்திருக்கும்!

கந்தசாமிப் பிள்ளையின் கதையும் அப்படித் திரை போட்ட கதை. நாத்திகர் வாசித்தால் கடவுளைக் கிழித்த கதை. சைவர் வாசித்தால் சிவனின் திருவிளையாடல். பத்திரிகை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர் வாசித்தால், பத்திரிகை நடத்தும் பிள்ளை சந்தா சேர்க்கும் கஷ்டம்.

விஷம் நாவற்பழமான அதிசயம் தெரியுமா?

பாற்கடலில் வந்த ஆலகாலத்தைக் குடித்து உலகத்தைக் காத்தவர் சிவன். அதன் அடையாளம் கறுத்த கழுத்து. எத்தனை புராணம், எத்தனை பதிகம்! அந்தக் கழுத்தைப் பார்க்கிறாள் சின்ன வள்ளி. அவளுக்கு அது நாவற்பழம் மாதிரி இருக்கிறது. கடித்துத் தின்ன ஆசைப்படுகிறாள். மடியில் ஏறி நின்று வாயை வைத்தும்விடுகிறாள். கடவுள் சிலிர்த்துப் போகிறார்!

அம்மா தன்னைக் கறுப்பி என்று கூப்பிடுகிறாள் என்பது வள்ளியின் மனக்குறை. கறுப்புக் குழந்தைக்குக் கறுத்த கழுத்துச் சாமி! இதற்கு மேலும் ஒன்று உண்டு. நாவற்பழம் யாருடைய பழம்? சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று மரத்தின் மேலிருந்து ஔவையாரை மடக்கினானே ஒரு மாட்டுக்காரப் பையன், அந்த முருகனுடைய பழம்! தத்துவம் பேசாமல், ஒரு குழந்தையின் பல்லாலேயே புராணத்தைத் தொட்டுக் காட்டிவிட்டார் புதுமைப்பித்தன்.

கோப்பிக்கும் கடவுளுக்கும் என்ன வழக்குத் தெரியுமா?

பிள்ளை கடவுளை ஓட்டலுக்கு அழைத்துப் போய்க் காப்பி வாங்கிக் கொடுக்கிறார். ஒரு வாய் குடித்த கடவுள் அதன் ருசிக்குத் தமது லீலையே காரணம் என்கிறார். பிள்ளை உடனே திருத்துகிறார். அது ஓட்டல்காரன் லீலை, சிக்கரித்தூள் கலந்திருக்கிறான்!

நம் மலைகளில் தேயிலைக்கு முன் இருந்தது கோப்பி. ‘கோப்பிக் காலம்’ என்று மலையகத்தார் சொல்லும் அந்தக் காலத்தில்தான் தமிழ்நாட்டிலிருந்து சனங்கள் தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்தார்கள். பிறகு இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொடி. இலைத்துரு நோய்! இலங்கையில் அது முதலில் கண்ணில் பட்ட இடம் எது தெரியுமா? 1869இல், நம் பதுளை மாவட்டத்து மடுல்சீமை! அந்தப் பூஞ்சணத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரிலேயே ‘பாழாக்கி’ என்ற பொருள் இருக்கிறது. கொஞ்ச வருடங்களில் கோப்பித் தோட்டங்கள் பாழாகி, அந்த மலையெல்லாம் தேயிலை ஏறியது. 1890இல் தோமஸ் லிப்டன் வந்து அப்புத்தளைப் பக்கத்துத் தம்பேதன்னையை வாங்கினார்.

கோப்பி செத்தது யாருடைய லீலை? துரைமார் பூஞ்சணம் என்றார்கள். மாரியாத்தா கோபம் என்று சொல்லத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நாலு பேராவது இல்லாமலா இருந்திருப்பார்கள்? கந்தசாமிப் பிள்ளை இருந்திருந்தால் சிக்கரியைத் தேடியிருப்பார்.

நிஜப் பாம்பு கொண்டுவந்ததால் வேலை போனவர் யார் தெரியுமா?

கடவுள்தான்! சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது சரியில்லை என்று கடவுளும் அவரோடு வந்து சேர்ந்துகொண்ட தேவியும் பிழைப்புத் தேடுகிறார்கள். தெரிந்த தொழில் ஒன்றுதான், கூத்து. பிள்ளை அவர்களைக் கலாரசிகரான ஒரு திவான் பகதூரிடம் அழைத்துப் போகிறார். புலித்தோல், சூலம், பாம்பு, சடை எல்லாவற்றோடும் நடராஜனே நேரில் ஆடுகிறார்!

கலாரசிகர் என்ன சொன்னார் தெரியுமா? ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார்! பாம்பு என்றால் நிஜப் பாம்பையா பிடித்து வருவது? பாம்பு மாதிரி நகை போட வேண்டும், புலித்தோல் மாதிரி பட்டுக் கட்ட வேண்டும், கலைக்கு அழகுதானே முக்கியம் என்று பாடம் எடுக்கிறார். அசல் சிவன், சிவனைப் போல இல்லை என்று வெளியே அனுப்பப்படுகிறார். கோயில் விக்கிரகத்துக்கு முன் உருகுகிறவன் வீட்டு வாசலில் விக்கிரகத்தின் சொந்தக்காரரே வந்து நின்றால் கதி இதுதான்.

எரிந்த கட்சியா, எரியாத கட்சியா, தெரியுமா?

இதற்கு நேர் எதிரான காட்சியைப் பார்க்க வேண்டுமென்றால் மாசி மாதத்தில் ஒரு தோட்டத்துக்கு வாருங்கள். சிவன் காமனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்து! பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு போலவே மலையகத்தார் கூடையோடும் குழந்தையோடும் கடல் கடந்து கொண்டுவந்த சொத்து. காமன் கம்பம் ஊன்றி, காப்புக் கட்டி, விரதமிருந்து, தப்பு அடியில் ரதியும் மதனும் ஆடுவார்கள். பகலில் முள்ளுக் குத்தவும் கவ்வாத்து வெட்டவும் போன பையன், இரவில் அரிதாரம் பூசிச் சிவனாக வந்து நிற்பான். அவன் நெற்றிக்கண் திறக்கும்போது கூட்டத்தில் பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்! அவன் புலித்தோல் சாயத்துணியா, பாம்பு கடதாசியா என்று யாரும் பார்ப்பதில்லை. சென்னையில் அசல் சிவனுக்கு ‘மாதிரி’ போதவில்லை என்றார்கள். லயத்து முற்றத்தில் ‘மாதிரி’க்கே சாமி இறங்கிவிடுகிறது.

இதைவிட அதிசயம் ஒன்று உண்டு. காமன் எரிந்தானா, எரியவில்லையா? தமிழ்நாட்டில் காமன் பண்டிகை லாவணியில் இதற்கென்றே இரண்டு கட்சி! எரிந்த கட்சி ஒரு பக்கம், எரியாத கட்சி மறு பக்கம், விடிய விடியப் பாட்டிலேயே வழக்கு. இருவருக்கும் புராணத்திலேயே ஆதாரம் இருக்கிறது. சிவன் எரித்தார், சரி. ரதி அழுதாள். அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவன் பிழைத்தான், அதுவும் சரி. ஊர் கண்ணுக்குச் சாம்பல், பெண்சாதி கண்ணுக்குப் புருசன்! ஒரு கதைக்கு இரண்டு முடிவு வைப்பது ஏதோ நேற்று வந்த இலக்கிய உத்தி என்று நினைத்தீர்களா? நம் பாட்டன்மார் தப்பைக் காய்ச்சிக்கொண்டே அதைச் செய்து முடித்துவிட்டார்கள்.

இயந்திரத்துக்குள் முனி குடியேறியது தெரியுமா?

‘ரோதை’ என்றால் சக்கரம். போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் ரோதை சுழலத் தொடங்கியதும், அதைக் காக்க ஒரு சாமி பிறந்தது, ரோதைமுனி! தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போகிறவனுக்குக் கவ்வாத்துச்சாமி! வேதத்திலும் இல்லை, புராணத்திலும் இல்லை. கையை இழுத்துக்கொள்ளக்கூடிய இயந்திரமும் காலில் இறங்கக்கூடிய கத்தியும் கொண்டுவந்த தெய்வங்கள்.

ரோதைமுனி பயத்தின் அடையாளமா, நம்பிக்கையின் அடையாளமா? இன்றைக்கும் கையோடு வீடு திரும்ப வேண்டும் என்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். வரம் வேண்டாம், தலையைக் கேட்காமல் விட்டால் போதும் என்றாரே பிள்ளை, அவர் ரோதைமுனியின் பக்தர்!

பதுளைத் தேவாலயத்தில் ஒரு மின்னல் இருப்பது தெரியுமா?

1857இல் எழுந்த பதுளை புனித மாற்கு தேவாலயம் ஒரு வெள்ளைக்காரரின் நினைவாகக் கட்டப்பட்டது. பெயர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். பதுளையை ஆண்ட அதிகாரி, பெரிய யானை வேட்டைக்காரர். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று சொல்லப்படுகிறது! 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அதே இடத்தில் செத்தார். நுவரெலியாவில் அவருடைய கல்லறைக் கல்லிலும் மின்னல் விழுந்தது என்று கதை தொடர்கிறது.

ஒரே மின்னல்தான். தேவாலயம் கட்டியவர்களுக்கு அது இறைவனின் அழைப்பு. யானைக்காக இரங்கியவர்களுக்குத் தண்டனை. மலை உச்சியில் இடிமழை நேரத்தில் வெட்டவெளியில் நின்றால் மின்னல் விழும் என்று விஞ்ஞான வாத்தியார் சொல்வார். அதே மாகாணத்தில் யானை முதுகில் சாமிப் பேழை ஏறுகிறது என்பதையும் சேர்த்து வாசித்தால் எந்தப் பக்கம் சாய்வீர்கள்?

கல்லான பெண் மறுபடி கல்லானது தெரியுமா?

அதே 1943இல் அதே பேனா எழுதிய இன்னொன்று ‘சாப விமோசனம்’. இராமன் பாதத் தூளி பட்டு அகலிகை பெண்ணாகிறாள். எல்லாரும் அங்கே முடித்த கதையைப் புதுமைப்பித்தன் அங்கே தொடங்குகிறார். சீதையை இராமன் தீக்குளிக்கச் சொன்னான் என்று சீதை வாயாலேயே கேள்விப்பட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள்! மலையகத்தில் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசிச் சாமியாக்குகிறோம். கல் சாமியாகும் ஊரில், சாமியால் ஒரு பெண் கல்லாவதை வாசித்தால் அடிவயிறு கலங்குகிறது.

கடவுள் வழி கேட்காத கேணி எது தெரியுமா?

அந்தச் சந்தியில் கடவுள் கேட்டது திருவல்லிக்கேணிக்கு வழி. எட்டு வருடத்துக்கு முன், 1935இல், புதுமைப்பித்தன் இன்னொரு கேணியைப் பற்றி எழுதியிருந்தார். ‘துன்பக் கேணி’! திருநெல்வேலிக் கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சீரழியும் மருதியின் கதை. அல்லிக்கேணிக்கு வழி கேட்ட கடவுள் இந்தக் கேணிக்கு வழி கேட்கவே இல்லை!

பிறகு அந்தக் கேணியைத் தோட்டத்துக்குள்ளிருந்தே எழுத ஆட்கள் வந்தார்கள். 1934இல் பதுளைப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்த ஜோசப், தான் படிப்பித்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். தெளிவத்தை ஜோசப்! ‘நாமிருக்கும் நாடே’, ‘குடைநிழல்’ எழுதியவர். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. சிவனின் பெயரால் புனைபெயர் வைத்தார் ஒருவர், தோட்டத்தின் பெயரால் வைத்தார் இன்னொருவர்.

கடைசியாக, கடவுளுக்குப் ‘பேர்’ விழுந்தது தெரியுமா?

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் என்ன அர்த்தம் என்று மலையகத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பேர் என்றால் நாட்சம்பளம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, மலை ஏறி, கொழுந்து நிறுத்துக் கொடுத்தால் கணக்கப்பிள்ளை செக்ரோல் பதிவேட்டில் பேர் போடுவார். நிறுவை சரியாக இருந்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். “இன்னைக்கு எனக்கு அரைப் பேர்தாங்க்கா” என்று ஒருத்தி சொன்னால் அன்றைக்கு அவள் பாதி மனுசி!

இனிக் கந்தசாமிப் பிள்ளைக்கு வாருங்கள். அவர் நடத்துவது ‘சித்த வைத்திய தீபிகை’ என்ற மாதப் பத்திரிகை. ஓட்டலில் நூறு ரூபாய் நோட்டை நீட்டிய விருந்தாளியிடம் 25 ரூபாய் ஆயுள் சந்தா கேட்கிறார். யாருடைய ஆயுள் என்று கேள்வி வருகிறது! சாவே இல்லாதவர் கட்டும் ஆயுள் சந்தாவுக்கு எத்தனை இதழ் அனுப்புவது? என்றைக்கு முடியும்?

கூத்தும் தோற்று, ஊரும் ஒட்டாமல், கடவுள் பின்வாங்குகிறார். தூர நின்று வரம் கொடுப்பது சுலபம், மனுசரோடு கூட இருந்து வாழ்வதுதான் கஷ்டம் என்பது அவர் கண்டுபிடித்த முடிவு. மறைந்துவிடுகிறார். பிள்ளை என்ன செய்கிறார்? அழவில்லை, தேவாரம் பாடவில்லை, பரவசப்படவில்லை. கணக்குப் புத்தகத்தை எடுக்கிறார். கைலாசபுரம் பரமசிவம் பிள்ளை என்று ஒரு பேர் எழுதி, 25 ரூபாய் வரவு வைக்கிறார். தாத்தா ஊருக்குப் போய்விட்டாரா என்று கேட்டுக்கொண்டு வள்ளி வருகிறாள். கதை முடிந்தது!

அந்த வரி கேலியா, பக்தியா? எண்பது வருடமாக இரண்டு கட்சியும் வழக்காடுகின்றன. கடவுளையே சந்தாதாரராக்கிய வியாபாரப் புத்தி என்பது எரிந்த கட்சி. வந்தவரை மறக்காமல், கள்ளக் கணக்கு எழுதாமல், ஊர், பேர், தொகை எல்லாம் சரியாகப் பதிந்த நேர்மைதான் அந்த மனிதனுக்குத் தெரிந்த பூசை என்பது எரியாத கட்சி.

என் கட்சியைக் கேட்கிறீர்களா? பேர் விழுவதற்காக முதுகில் கூடை கட்டி மலை ஏறியவர்களின் ஊரில் இருந்து வாசிக்கிறேன். இங்கே ஒருவரின் பேரைக் குறைக்காமல் எழுதுவதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. சென்னையில் வேலை தேடித் தோற்றுப்போன அந்தக் கிழவருக்குப் பிள்ளை முழுப் பேர் போட்டுத்தான் அனுப்பினார். நான் எரியாத கட்சி!

புதுமைப்பித்தன் படைப்புகள் 2002இல் நாட்டுடைமை ஆகிவிட்டன. இந்தக் கதை யாருக்கும் எளிதில் கிடைக்கும். ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் பாதிக் கதை ஓடிவிடும். வாசித்துவிட்டு நீங்கள் எந்தக் கட்சி என்று வீட்டில் சொல்லுங்கள். வீட்டிலேயே மறுகட்சி இருந்தால் விடிய விடியப் பேசுங்கள்.